ஒற்றைக் கட்டிலில் பிறந்த மருத்துவமனை
(டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு)

வேலூர் என்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, அகழி சூழ்ந்த கற்கோட்டை. மற்றொன்று, நோயாளரும் அவர்தம் உறவினருமாக எந்நேரமும் நிறைந்து நிற்கும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கோட்டையைக் கட்டியவர்களிடம் படையும் இருந்தது, பொன்னும் பொருளும் இருந்தன. மருத்துவமனையைத் தொடங்கியவரிடம் இருந்தவையோ ஒரு சிறிய அறை, ஒரு கட்டில், ஒரு சன்னல், இவ்வளவே. அந்த ஒற்றைக் கட்டில் இன்று ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்களாகப் பெருகியிருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மக்கள் இரண்டு மூன்று நாள் இரயிலில் பயணம் செய்து காட்பாடியில் வந்து இறங்குகின்றனர். நம் பெற்றோருள்ளும் பலர், வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்தவுடன் வேலூருக்குப் புறப்பட்டவர்களாகவே இருப்பர்.

இத்தகைய ஒரு நிலையத்தைத் தோற்றுவித்தவர் ஒரு பெண்மணி. அவர் அரசியார் அல்லர்; செல்வச் சீமாட்டியும் அல்லர். பள்ளிப் பருவத்தில் குறும்புக்குப் பெயர் பெற்றவர். மருத்துவராகவோ, ஊழியம் செய்பவராகவோ ஆகவே மாட்டேன் என்று உறுதியாக இருந்தவர். அவரே டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார்.

மருத்துவ மரபு

ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் என்பவர். நியூயார்க் நகரில் நல்ல வருவாயுள்ள மருத்துவராக இருந்த அவர், 1819ஆம் ஆண்டில் மனைவியுடன் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு மருத்துவத் தொண்டு புரியச் சென்றவர்களில் அவரே முதல்வர் என்பர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்த பின்னர், 1836ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர் எழுவர் இந்தியாவிலேயே தொண்டாற்றினர். அவர்களுள் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் ஒரே மகளாக, 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், இன்று தனி மாவட்டமாக விளங்கும் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். அவருக்கு மூத்தவர் அனைவரும் ஆண்மக்கள்.

ஐடாவுக்கு ஆறு ஏழு வயது நடந்தபோது தென்னாட்டையே உலுக்கியது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் உணவின்றி மடிந்தனர். ஸ்கடர் குடும்பத்தார் பசித்த குழந்தைகளுக்கு உணவளித்தனர். தாமே எடுத்து உண்ணவும் வலுவற்றுக் கிடந்த பிள்ளைகளின் வாயில் சின்னஞ்சிறு ஐடா ரொட்டித் துண்டுகளைப் பிட்டு ஊட்டினாள். அந்தக் காட்சி அவள் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. இரக்கம் மட்டுமன்று, அச்சமும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. இந்தத் துயரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு தன்னால் வாழ முடியாது என்று அந்தப் பிஞ்சு மனம் எண்ணியது.

1878இல் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தை இந்தியா திரும்பினார், தாயும் பின்தொடர்ந்தார். ஐடா மட்டும் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தாள். பெற்றோரைப் பிரிந்த ஏக்கம் ஒருபுறம். அந்தப் பிரிவுக்குக் காரணமான தொலைதூர நாட்டின்மேல் கசப்பு மறுபுறம். நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த பெண்கள் பள்ளியில் சேர்ந்தபோது, விளையாட்டிலும் வேடிக்கையிலும் முன்னிற்கும் மாணவியானாள். நல்ல இடத்தில் மணம் முடித்து, அமெரிக்காவிலேயே வசதியாக வாழவேண்டும் என்பதே அவளுடைய கனவு. அது தவறான கனவு என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்காக வேறொரு பணி காத்திருந்தது.

ஓர் இரவு, மூன்று அழைப்புகள்

1890ஆம் ஆண்டில் திண்டிவனத்திலிருந்து செய்தி வந்தது. தாயார் நோயுற்றிருக்கிறார், உடனே வரவேண்டும் என்று. சிறிது காலம் தாய்க்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடன் ஐடா இந்தியா வந்தார். தாயைப் பேணினார், அங்கிருந்த பெண்கள் பள்ளியையும் கவனித்துக்கொண்டார், திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த இரவு வந்தது. ஐடா தம் அறையில் விளக்கொளியில் அமர்ந்திருந்தார். வாசலில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். தம் இளம் மனைவி பேறுகால வேதனையில் துடிப்பதாகவும், மருத்துவச்சி கைவிட்டுவிட்டதாகவும், வந்து காப்பாற்ற வேண்டும் என்றும் மன்றாடினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையார் மருத்துவர், அவரை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அந்த இளைஞரின் முகம் வாடியது. தம் குடும்பத்தில் பெண்களை அயல் ஆடவர் பார்ப்பது வழக்கமில்லை என்று கூறித் தலைகுனிந்து திரும்பிவிட்டார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடி ஓசை. இம்முறை வந்தவர் ஓர் இசுலாமியர். அதே வேதனை; அதே வேண்டுகோள். தந்தையாருடன் தாமும் உடன் வந்து உதவுவதாக ஐடா சொல்லிப் பார்த்தார். அவரும் இசையவில்லை. மூன்றாம் முறையும் ஒருவர் வந்தார். அவரும் இந்து சமயத்தவர். அவர் மனைவிக்கும் அதே நிலைதான். அவரும் வெறுங்கையுடன் திரும்பினார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடியற்காலையில் ஊருக்குள்ளிருந்து சாவுப் பறை ஒலித்தது. பணியாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று கணவன்மார்களும் கல்நெஞ்சர் அல்லர். மனைவியின் உயிருக்காக நள்ளிரவில் அயலார் வீட்டு வாசலில் நின்று கெஞ்சியவர்கள். மூவரும் மூன்று வெவ்வேறு வீட்டினர். மூவரையும் கட்டியிருந்தது ஒரே வழக்கம். மருந்து அருகில் இருந்தது; மருத்துவரும் இருந்தார்; இல்லாதது பெண் மருத்துவர் ஒருவர்தாம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் முதலிய பெண்களைச் சேர்த்துக்கொண்டது உண்மைதான். 1885இல் சென்னையில் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனையும் தோன்றிவிட்டது. ஆனால் அந்த நன்மை திண்டிவனம் போன்ற ஊர்களுக்கு எட்டவில்லை. ஆகவே அந்த மூவரும் மாண்டனர்.

காலையில் ஐடா பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, மீண்டும் இந்நாட்டுப் பெண்களுக்கே தொண்டு செய்யப் போவதாக அறிவித்தார். சிறுவயது முதல் எதைக் கண்டு அஞ்சி ஓடினாரோ அதையே தம் வாழ்வாக ஏற்றுக்கொண்டார்.

கல்வியும் கொடையும்

1895இல் ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். மேலைநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியருள் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில்தான். அமெரிக்காவிலும் அக்காலத்தில் பெண்கள் மருத்துவம் படிப்பதைப் பலர் விரும்பவில்லை. பெரிய கல்லூரிகள் பல அவர்களுக்கு மூடியே இருந்தன. 1898இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடம் தந்தபோது, ஐடா அங்கு மாறிச் சென்று 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் தேறிய முதல் பெண்களுள் அவரும் ஒருவர்.

புறப்படுமுன், வேலூரில் ஒரு சிறு மருத்துவமனை கட்ட எட்டாயிரம் டாலர் திரட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. நாட்கள் சென்றன, பணம் சிறிது சிறிதாகவே சேர்ந்தது. ஒரு நாள் நன்கொடை கேட்டு ஓர் அம்மையார் வீட்டுக்குச் சென்றவர், திண்டிவனத்து இரவைப் பற்றி உள்ளமுருக எடுத்துரைத்தார். அடுத்த அறையில் இருந்த அவ்வம்மையாரின் உறவினரான ஷெல் என்ற முதியவர் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். வங்கித் தொழிலில் இருந்த அவர் மறுநாள் ஐடாவை அழைத்துப் பல கேள்விகள் கேட்டார். முடிவில், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். கேட்டது எட்டு; கிடைத்தது பத்து!

ஒரு சன்னலும் ஒரு கட்டிலும்

1900ஆம் ஆண்டு பிறக்கும் வேளையில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையாரின் அருகில் இருந்து பல ஆண்டுகள் தொழில் பழகலாம் என்ற அவர் எண்ணம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு மே மாதத்திலேயே தந்தையார் புற்றுநோயால் காலமானார். முப்பது வயதும் நிரம்பாத ஐடா தனித்து நின்றார்.

தொடக்கத்தில் மக்கள் அவரை நம்பி வரவில்லை. வெள்ளைக்காரப் பெண், அதிலும் வயதில் இளையவர்; இவருக்கு என்ன தெரியும் என்று தயங்கினர். ஐடா பங்களாவில் ஒரு சிறிய அறையை ஒழித்து, அதில் ஒரு கட்டிலைப் போட்டார். வந்தவர்களுக்குச் சன்னல் வழியே மருந்து கொடுத்தார். ஒருவர் குணமடைந்து சென்று பத்துப் பேரிடம் சொன்னார்; அந்தப் பத்துப் பேர் நூறு பேரிடம் சொன்னார்கள். கட்டில் போதாமல் திண்ணையிலும் மரத்தடியிலும் நோயாளர் படுத்தனர். இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் பேருக்கு ஐடா மருத்துவம் செய்தார்.

அவருக்கு அப்போது செவிலியர் என்று எவரும் இல்லை. வீட்டில் வேலை பார்த்துவந்த சலோமி என்ற பெண்ணே துணை. கட்டுப் போடவும், கருவிகளை வெந்நீரில் கொதிக்க வைக்கவும், நோயாளரைத் தாங்கிப் பிடிக்கவும் ஐடா அவருக்குக் கற்றுக் கொடுத்தார். முதல் பெரிய அறுவைச் சிகிச்சையின்போதும் அருகில் நின்றவர் சலோமிதான். இன்று உலகம் போற்றும் அந்த மருத்துவமனையின் ஊழியர் பட்டியலை எழுதத் தொடங்கினால், டாக்டர் ஐடாவின் பெயருக்கு அடுத்து எழுத வேண்டிய பெயர் இந்த எளிய பெண்ணின் பெயரே. பிற்காலத்து ஐடா செய்த பெரும்பணி அனைத்துக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது. தம் கையில் இருந்த திறனை இன்னொரு பெண்ணின் கைக்கு மாற்றிக் கொடுக்க அவர் அன்றே கற்றுக்கொண்டார்.

1902ஆம் ஆண்டு செப்டம்பரில் நாற்பது கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அது கண் மருத்துவமனையாக மாறி, இன்றும் வேலூரில் ஷெல் என்ற பெயருடனேயே விளங்குகிறது.

சாலையே மருத்துவமனை

மருத்துவமனை எழுந்துவிட்டது; பெண் மருத்துவரும் இருக்கிறார்; இனி மக்கள் வந்து பயன்பெறலாம் என்று ஐடா இருந்துவிடவில்லை. சிற்றூர் மக்கள் எப்படி வருவர்? ஒரு நாள் வேலூருக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். வண்டி வைக்கப் பணம் இராது. நோய் முற்றி, இனி முடியாது என்ற நிலையிலேயே நோயாளரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போக வேண்டும் என்று ஐடா முடிவு செய்தார்.

1906ஆம் ஆண்டளவில் சாலையோர மருந்தகம் தோன்றியது. வாரந்தோறும் குறிப்பிட்ட நாளில் மருந்துப் பெட்டிகளுடன் மாட்டு வண்டியில் குடியாத்தம் சாலையில் புறப்படுவார். குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். சொறி சிரங்கு, கண்ணோய், காய்ச்சல், ஆறாத புண், கைக்குழந்தையின் வயிற்றுப்போக்கு என்று ஒவ்வொருவராக வருவர். தொழுநோயாளரும் வருவர். பிறர் அருகில் வரவும் அஞ்சிய அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டுப் போடுவார். மிகக் கடுமையாக இருப்பவர்களை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு வருவார்.

1909இல் நன்கொடையாக ஒரு பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. பெரும் இரைச்சலுடன் புகை கக்கிக்கொண்டு ஓடிய அதனைக் கண்டு கிராமத்தார் முதலில் பேய் வருகிறது என்று ஓடினார்களாம். சில வாரங்களில், அந்த இரைச்சல் கேட்டாலே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி வரலாயினர். பல ஆண்டுகள் கழித்து, 1977இல், அதே குடியாத்தம் சாலையில் உள்ள கே.வி. குப்பத்தில் ஊரக மக்கள் நலனுக்கென்றே தனி நிலையம் ஒன்றை வேலூர் மருத்துவக் கல்லூரி அமைத்தது. மரத்தடியில் இட்ட விதை அவ்வாறு வளர்ந்தது.

ஒருவர் போதாது

எவ்வளவு உழைத்தாலும் ஒருவருக்கு இரண்டு கைகள்தாமே! ஓர் ஊரில் மருந்து கட்டிக்கொண்டிருக்கும்போது, மற்றோர் ஊரில் ஒரு தாய் உதவியின்றி இறந்துகொண்டிருப்பாள். திண்டிவனத்தில் மூன்று கதவுகளுக்குள் நடந்தது நாடெங்கும் எத்தனை கதவுகளுக்குள் நடந்துகொண்டிருக்கிறது? இந்த எண்ணம் ஐடாவை விடவில்லை. தாம் குணப்படுத்தியவர்களை எண்ணி மகிழ்வதைவிட, தாம் எட்ட முடியாதவர்களை எண்ணி வருந்தியவர் அவர்.

அதற்கு வழி ஒன்றே. இந்நாட்டுப் பெண்களே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆக வேண்டும். டீலியா ஹூட்டன் என்ற செவிலியரின் துணையுடன் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அக்காலத்தில் நோயாளரைத் தொட்டுப் பணிசெய்வது தாழ்ந்த வேலை என்று கருதப்பட்டது. நல்ல குடும்பத்துப் பெண்களை இதற்கு அனுப்பலாமா என்று பெற்றோர் தயங்கினர். அந்தத் தயக்கத்தை உடைத்து, செவிலியப் பணிக்கு மதிப்பைத் தேடித் தந்தவற்றுள் வேலூர்ப் பள்ளியும் ஒன்று. 1946இல் அது பட்டப் படிப்புத் தரும் கல்லூரியாயிற்று. இந்தியாவில் செவிலியர்க்கு முதன்முதலாகப் பட்டப் படிப்பைத் தொடங்கிய இரண்டு இடங்களுள் வேலூர் ஒன்று, மற்றொன்று டெல்லி.

அடுத்தது மருத்துவப் பள்ளி. பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பள்ளி என்று ஐடா கேட்டபோது, சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவராக இருந்த ஆங்கிலேய அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறு பெண்களாவது விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்று பாதி வேடிக்கையாகவே ஒப்புக்கொண்டார். விண்ணப்பங்கள் ஆறு அல்ல, அதற்குப் பல மடங்கு வந்து குவிந்தன! 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வாடகைக் கட்டடம், ஓரிரு பாட நூல்கள், சில எலும்புகள், ஒரு நுண்ணோக்கி ஆகிய இவற்றோடு வகுப்பு நடந்தது. ஐடாவே பல பாடங்களையும் நடத்தினார். பகலில் அறுவைச் சிகிச்சை, மாலையில் பாடம், இரவில் மறுநாள் பாடத்துக்கான படிப்பு என்று காலம் ஓடியது.

அக்காலத்தில் மாகாணத்தில் உள்ள மருத்துவப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொதுத் தேர்வு. ஆண்களே பெரும்பான்மையோர் தவறிவிடுகின்றனர். உங்கள் மாணவியர் தவறினால் மனம் உடைய வேண்டாம் என்று ஐடாவை முன்கூட்டியே எச்சரித்தனர். முடிவு வெளிவந்தபோது, தேர்வெழுதிய வேலூர் மாணவியர் அனைவரும் தேறியிருந்தனர்! 1922இல் முதல் அணியாக 14 பெண் மருத்துவர்கள் வெளியேறினர். அந்தப் பதினால்வரும் அவரவர் ஊர்களில் வாசலில் வந்து நின்று அழைப்போருக்கு நானே மருத்துவர் என்று சொல்லக் கூடியவர்கள். திண்டிவனத்து இரவுக்கு அதுவே விடை.

பள்ளி வளர வளர இடமும் பணமும் தேவைப்பட்டன. ஐடாவின் தோழியரான அமெரிக்கப் பெண்மணியர் பலர் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினர். 1920களின் தொடக்கத்தில் ஆசிய நாட்டுப் பெண்கள் கல்லூரிகளுக்காக நடந்த அந்தப் பெருமுயற்சியில், மக்கள் இரண்டு டாலர் தந்தால் ஒரு டாலர் தருவதாக ராக்ஃபெல்லர் அறக்கட்டளை முன்வந்தது. சென்னையிலுள்ள பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் அந்த நிதியால் பயன்பெற்றது. வேலூர் நகரில் புதிய மருத்துவமனைக் கட்டடங்கள் எழுந்தன. ஊருக்குத் தெற்கே பாகாயத்தில், குன்றுகள் சூழ்ந்த அமைதியான இடத்தில் கல்லூரி வளாகம் 1932இல் அமைந்தது. கெர்ட்ரூடு டாட் என்ற தோழியார் தம் செல்வத்தை மட்டுமன்றித் தம்மையே தந்து, ஐடாவுடன் வேலூரிலேயே தங்கிப் பணிபுரிந்தார்.

சோதனைக் காலம்

அறுபத்தேழு வயதில், இனி ஓய்வு பெறலாம் என்று எவரும் எண்ணும் வேளையில், வாழ்வின் மிகப் பெரிய சோதனை ஐடாவைத் தேடி வந்தது. 1937இல் சென்னை மாகாணத்தில் புதிய அமைச்சரவை பொறுப்பேற்றது. மக்களுக்குத் தரம் வாய்ந்த மருத்துவர்களே வேண்டும்; இனிச் சிறிய மருத்துவப் படிப்புகள் வேண்டாம், பல்கலைக்கழகப் பட்டமான எம்.பி.பி.எஸ். படிப்பு மட்டுமே இருக்கட்டும் என்று அரசு முடிவு செய்தது. கொள்கை நல்லதே. ஆனால் வேலூருக்கு அது பேரிடியாயிற்று. பட்டப் படிப்பு நடத்துவதற்கு உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், கட்டில்களின் எண்ணிக்கை பெருக வேண்டும். இவை இல்லையேல் பள்ளியை மூடுவது தவிர வேறு வழியில்லை.

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. கப்பற் பயணம் ஆபத்தாக இருந்தது. ஆயினும் 1941இல் எழுபது வயது கடந்த ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று நிதி திரட்டலானார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதனை நிலைநிறுத்தத் தேவைப்பட்ட பணமோ மலைபோல் உயர்ந்து நின்றது.

அப்போதுதான் அந்த இக்கட்டான கேள்வி எழுந்தது. பெண்களுக்கென்று மட்டும் இருந்த இந்தக் கல்லூரியில் ஆண்களையும் சேர்த்துக்கொண்டால், பல திருச்சபைகளும் ஒன்றுகூடி உதவ முன்வரும். சேர்க்காவிட்டால் கல்லூரி பிழைப்பது அரிது. எதைச் செய்வது? வேலூருக்காக முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த தோழியரே இதனைக் கடுமையாக எதிர்த்தனர். பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த பணத்தில் எழுந்த கல்லூரி இது. பெண்களுக்கென்றே இருக்க வேண்டும். ஆண்கள் வந்தால் தலைமையும் அவர்கள் கைக்கே போய்விடும் என்றனர். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஐடாவின் உள்ளமும் பெண்கள் பக்கமே இருந்தது. பழைய நட்புகளை இழக்க நேரிடுமே என்ற வேதனையும் இருந்தது.

பல நாள் தவிப்புக்குப் பின் அவர் ஒரு தெளிவுக்கு வந்தார். இந்தக் கல்லூரி என்னுடையதோ, என் தோழியருடையதோ அன்று, நோயாளிகளுடையது. அவர்களுக்கு எது நன்மையோ அதுவே சரி என்று துணிந்தார். பெண்களுக்கு மூடியிருந்த கதவைத் திறக்கத் தம் வாழ்வைத் தந்தவர், தாம் கட்டிய வீட்டின் கதவையும் அகலத் திறந்துவிட்டார். 1947இல் முதன்முறையாகப் பத்து ஆண் மாணவர்கள் வேலூரில் சேர்ந்தனர். நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு அது.

எதிர்த்தவர்கள் அஞ்சியபடி பெண்களின் இடம் பறிபோய்விட்டதா? பின்னர்த் தலைவராக வந்தவர் ஒரு பெண்ணே! விசாகப்பட்டினத்தில் பிறந்து மகப்பேறு மருத்துவத்தில் புகழ் பெற்றிருந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் 1940களின் இறுதியில் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. தாம் தொடங்கிய நிலையத்தை இந்நாட்டுப் பெண் ஒருவர் நடத்துவதைத் தம் கண்ணாலேயே காணும் பேறு ஐடாவுக்குக் கிடைத்தது.

மாலைப் பொழுது

1946இல் பொறுப்பிலிருந்து விலகிய ஐடா, கொடைக்கானலில் தம் மலை வீட்டில் பெரும்பாலும் வாழ்ந்தார். ரோசாச் செடிகள் வளர்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். டென்னிசு ஆட்டத்தில் வல்லவர். அறுபத்தைந்து வயதில் ஒரு போட்டியில், கிழவியோடு ஆடுவதா என்று முணுமுணுத்த இளம்பெண் ஒருத்தியை ஓர் ஆட்டம்கூட எடுக்க விடாமல் தோற்கடித்தார் என்று சொல்வார்கள். நார்த்ஃபீல்டு பள்ளியின் குறும்புக்காரி அவருக்குள் கடைசிவரை உயிரோடுதான் இருந்திருக்கிறாள்!

வேலூரோ நாளுக்கு நாள் வளர்ந்தது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்யலாம் என்பதை 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்டு அங்கே காட்டினார். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். வேலூரில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் உடல் ஊனமுற்றோரின் மறுவாழ்வுக்கென்றே ஒரு துறையை உருவாக்கினார். சலோமியிலிருந்து தொடங்கிய கைகளின் சங்கிலி இவ்வாறு நீண்டது.

1960ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில், கொடைக்கானலில் ஐடா ஸ்கடர் அம்மையார் இறையடி சேர்ந்தார். செய்தி கேட்டு வேலூர் நகரமே கண்ணீர் வடித்தது. அவர் பிறந்த இராணிப்பேட்டை மாவட்டத்திலேயே 2022இல் வேலூர் மருத்துவமனையின் புதிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. அவர் பிறந்த மண்ணுக்கே அவர் பணி திரும்பி வந்திருக்கிறது.

நாம் கொள்ளும் பாடம்

அன்புத் தங்கையரே! ஐடா அம்மையாரைப் போலப் பெரிய மருத்துவமனை கட்ட நம் எல்லோராலும் முடியாது. எல்லோரும் மருத்துவராவதும் இயலாது. ஆனால் அவர் வாழ்வில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரவில் அவரிடம் பட்டமும் இல்லை, பணமும் இல்லை, மருந்தும் இல்லை. இருந்தது ஒன்றே: தம் வாசலுக்கு வந்த துன்பம் தமக்குரியதன்று என்று கண்ணை மூடிக்கொள்ளாத நெஞ்சம். மற்றவையெல்லாம் பின்னர்த் தேடிச் சேர்த்தவை. அவற்றைத் தேடப் பத்து ஆண்டுகள் ஆயின. அதற்காக அவர் மனம் தளரவில்லை.

இன்னொன்றும் உண்டு. கற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், வேலைக்காரப் பெண் முதல் கல்லூரி மாணவியர் வரை பகிர்ந்து கொடுத்ததால்தான், அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வேலூரில் விளக்கு அணையாமல் எரிகிறது. வகுப்பில் நமக்கு விளங்கிய பாடம் அருகிலிருப்பவளுக்கு விளங்காவிட்டால் சொல்லிக் கொடுப்பதும் அவ்வழியில் ஒரு சிறு அடியே.

பெற்றோர்களே! தம் மகள் வசதியான வாழ்வை விட்டுக் கடினமான பாதையில் செல்லத் துணிந்தபோது, இரண்டாம் ஜான் ஸ்கடரும் சோபியா அம்மையாரும் தடுக்கவில்லை. நம் இல்லங்களிலும் செவிலியராக, மருத்துவராக, ஆசிரியையாக, தொண்டு புரிபவராக வர விரும்பும் மகள் ஒருத்தி இருக்கக்கூடும். அவளுக்கு நாம் தரும் ஒரு சொல் ஊக்கம், என்றோ ஓர் இரவில் எங்கோ ஒரு தாயின் உயிரைக் காக்கும்.

அடுத்த முறை வேலூர் செல்ல நேர்ந்தால், அந்த உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே அந்தச் சிறிய அறையையும், அதில் கிடந்த ஒற்றைக் கட்டிலையும், அருகில் வெந்நீர்ச் சட்டியுடன் நின்ற சலோமியையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். நம்மை நம்பி எவரேனும் வாசலில் வந்து நின்றால், அவர்களை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பாதவராக வாழ முயல்வோமாக!